பத்திரிகையில் வந்த முகம்

ஊடகம், அவதூறு, அந்தரங்கம்: சட்டம் எங்களுக்கு எந்தளவு துணை?

கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்ட ஓர் ஒடுங்கிய ஒழுங்கை. அங்கே உறவினர் வீட்டு மேல்மாடி அறையொன்றில் அந்த அக்கா தனது இரண்டு பிள்ளைகளுடன் தங்கியிருந்தார். சொந்த இடம் வன்னி. 2009 மே மாதத்தில் கணவர் படையினரிடம் சரணடைந்ததைத் தன் கண்ணால் கண்டவர். அதன் பின்னர் அவரைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தேடித் திரிவதற்குக் கொழும்பு வசதி என்பதற்காகவே இங்கு வந்து இருந்தார்.

2014ஆம் ஆண்டில் ஒரு நாள் காலை அவர் வெள்ளவத்தையில் இருந்த எங்கள் அலுவலகத்துக்கு வந்து, நான்காக மடித்த பத்திரிகைத் தாள் ஒன்றை மேசையில் விரித்தார். உள்பக்கத்தில் அவருடைய படம். யுத்தத்தின் பின்னர் விதவைகள் மத்தியில் சமூகச் சீர்கேடுகள் பெருகிவருவதாகக் கட்டுரையின் தலைப்புக் கூறியது. கட்டுரையில் அக்காவின் பெயர் இல்லை. அவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. படம் மட்டுமே இருந்தது. அதன் கீழே "யுத்த விதவை ஒருவர்" என்று போட்டிருந்தார்கள்.

"சீர்கேடு எண்டு எழுதினதைக்கூட விடுவம் பிள்ளை. விதவை எண்டு போட்டிருக்கினம். அவர் செத்துப்போனார் எண்டு இவைக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார்.

மகளின் வகுப்பில் ஒரு பிள்ளை அந்தத் தாளைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறாள். மகள் இரண்டு நாட்களாகப் பாடசாலைக்குப் போகவில்லை.

அந்தப் படம் எப்படிப் பத்திரிகைக்குப் போனது என்று நான் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஐந்து மாதங்களுக்கு முன்னர், பெண்கள் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாழ்வாதாரம் பற்றி எழுதப்போவதாக வந்த ஒரு செய்தியாளரை அவரிடம் கூட்டிச் சென்றது நான்தான். ஆங்கிலத்தில் இருந்த சம்மதப் படிவத்தை நீட்டி, "இதிலை ஒரு கையெழுத்துப் போடுங்கோ அக்கா" என்று கேட்டதும் நான்தான். சமூகவியல் பட்டத்தை முடித்துக்கொண்டு நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் அது. அன்று வந்த கட்டுரை நல்ல கட்டுரைதான். ஆனால் படம் அந்த நிறுவனத்தின் கோப்பிலேயே கிடந்தது. பின்னர் வேறொருவர் வேறொரு கட்டுரைக்கு அதை எடுத்துப் போட்டுவிட்டார்.

"இதுக்கு ஒரு சட்டமும் இல்லையோ?" என்று அக்கா கேட்டார். அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதன் பின்னர் சட்டத்தரணிகளிடம் கேட்டும், தேடி வாசித்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே வாசக சகோதரிகளுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று உரிமைகள்

முதலாவது, பேசும் உரிமை. 1978ஆம் ஆண்டின் இலங்கை அரசியலமைப்பு, 14(1)(அ) உறுப்புரையில் பேச்சுச் சுதந்திரத்தையும் கருத்து வெளிப்பாட்டுச் சுதந்திரத்தையும் ஒவ்வொரு பிரசைக்கும் வழங்குகின்றது. கருத்தை அச்சிட்டு வெளியிடுவதும் இதில் அடங்கும். இது பத்திரிகை ஆசிரியர்களுக்கு மட்டும் உரிய ஒன்றல்ல. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் படத்தை ஏந்தி வீதியோரம் இருக்கும் தாய்க்கும் இது உரியது.

இந்த உரிமைக்கு எல்லைகளும் உண்டு. இன, மத நல்லிணக்கம், பாராளுமன்றச் சிறப்புரிமை, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றச் செயலுக்குத் தூண்டுதல் ஆகிய விடயங்களில் சட்டத்தின் மூலம் அதனைக் கட்டுப்படுத்தலாம் என 15ஆவது உறுப்புரை கூறுகின்றது.

இரண்டாவது, நற்பெயர் உரிமை. ஒருவரின் நற்பெயரைக் கெடுக்கும் விதமாக எழுதினால் அல்லது பேசினால் அவர் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குத் தாக்கல் செய்து நட்டஈடு கேட்கலாம். ஒல்லாந்தர் காலத்தில் இங்கு வந்த உரோமன் டச்சுச் சட்டத்தின் வழியாக எமக்குக் கிடைத்த உரிமை இது. இங்கே ஒரு முக்கியமான விடயத்தைக் கவனிக்க வேண்டும். எழுதியது உண்மை என்று காட்டுவது மட்டும் போதாது. அதை வெளியிட்டதால் பொதுமக்களுக்கு நன்மை உண்டு என்பதையும் எழுதியவர் காட்ட வேண்டும். ஒரு பெண்ணின் சொந்த வாழ்க்கையில் நடந்த உண்மையானாலும், ஊருக்குப் பயனில்லாமல் அதை அம்பலப்படுத்தியவர் "உண்மையைத்தானே எழுதினேன்" என்று சொல்லித் தப்பிவிட முடியாது.

மூன்றாவது, அந்தரங்க உரிமை. இது எமது அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனி உரிமையாக எழுதப்படவில்லை. இந்தியாவில் 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஒன்பது நீதியரசர்கள் கூடி அந்தரங்கம் ஓர் அடிப்படை உரிமையே எனத் தீர்ப்பளித்தனர். இங்கே அது வெவ்வேறு சட்டங்களில் துண்டு துண்டாகக் கிடக்கின்றது. 2015ஆம் ஆண்டின் 19ஆவது திருத்தம் தகவல் அறியும் உரிமையை அரசியலமைப்பில் சேர்த்தபோது, பிறரின் அந்தரங்கத்தைக் காப்பதற்காக அதற்கு வரம்பு இடலாம் எனவும் கூறியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் பொதுநலனுடன் தொடர்பில்லாத தனிப்பட்ட தகவல்களுக்கு விலக்கு அளித்துள்ளது.

அந்தரங்கம் வசதி படைத்தவர்களின் விடயம் என்று சிலர் நினைப்பதுண்டு. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜ்களில் தங்கிய எங்கள் பெண்களைக் கேட்டால் வேறு விதமாகச் சொல்வார்கள். யார், எங்கிருந்து வந்தவர், ஏன் வந்தவர் என்ற விபரமெல்லாம் பொலிஸ் பதிவில் இருந்த காலம் அது. 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் இருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. தன்னைப் பற்றிய தகவல் பிறர் கையில் இருப்பது என்னவென்பதை எமது பெண்கள் புத்தகத்தில் படித்து அறிந்தவர்கள் அல்லர்.

யாருடைய மானம்?

இந்த மூன்று உரிமைகளும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது எதற்கு இடம் கொடுப்பது? எங்கள் நாட்டின் அனுபவத்தைப் பார்த்தால், அதிகாரத்தில் இருப்பவரின் மானத்துக்கே நெடுங்காலமாக முதலிடம் கிடைத்து வந்துள்ளது எனலாம்.

தண்டனைச் சட்டக் கோவையின்படி அவதூறு ஒரு குற்றமாகவும் இருந்தது. அதற்காகச் சிறைக்கும் போகலாம். 1995ஆம் ஆண்டில் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகையின் பத்தியொன்று, கொழும்பு ஹோட்டலில் நடைபெற்ற பிறந்தநாள் விருந்தொன்றில் அப்போதைய ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கலந்துகொண்டதாக எழுதியது. அதற்காக ஆசிரியர் சிங்ஹ ரத்னதுங்க மீது குற்றவியல் அவதூறு வழக்குத் தொடரப்பட்டது. 1997இல் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை பெற்றார். 2000ஆம் ஆண்டில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. 'ராவய' ஆசிரியர் விக்டர் ஐவன் மீதும் இவ்வாறான குற்றப்பத்திரங்கள் பல வருடங்களாகத் தொங்கவிடப்பட்டிருந்தன. அது கருத்துச் சுதந்திரத்தை மீறும் செயல் என ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு 2004ஆம் ஆண்டில் கூறியது. அதற்கு முன்பே, 2002ஆம் ஆண்டில், குற்றவியல் அவதூறுச் சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கிவிட்டது. ஆகவே இன்று தண்டனைச் சட்டக் கோவையின் கீழ் ஒருவரை அவதூறுக்காகச் சிறையில் அடைக்க முடியாது. நட்டஈட்டு வழக்கு மட்டுமே உண்டு.

ஆனால் எழுதுபவரைத் தண்டிப்பதற்கு வேறு சட்டங்கள் இருந்தன. தமிழ் ஊடகவியலாளர் ஜே. எஸ். திசைநாயகம், கிழக்கில் யுத்தத்தின்போது பொதுமக்கள் பட்ட துன்பம் பற்றி எழுதியவற்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் குற்றஞ்சாட்டப்பட்டு, 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி இருபது வருடக் கடூழியச் சிறைத்தண்டனை பெற்றார். 2010ஆம் ஆண்டில் அவருக்குப் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. சட்டத்தின் முன் நிற்கக்கூட வாய்ப்பில்லாமல் கொல்லப்பட்டவர்களும் உண்டு. யாழ்ப்பாணத்தில் மயில்வாகனம் நிமலராஜன் 2000ஆம் ஆண்டிலும், கொழும்பில் தர்மரத்தினம் சிவராம் 2005ஆம் ஆண்டிலும், லசந்த விக்ரமதுங்க 2009ஆம் ஆண்டிலும் கொல்லப்பட்டனர்.

பெரிய இடத்துப் பெயர் ஒன்று அச்சில் வந்தால் சட்டம் விழித்துக்கொள்கின்றது. முகாமில் குளிக்க வரிசையில் நின்ற பெண்ணின் படம் அச்சில் வந்தால் ஒருவரும் கேட்பதில்லை. இந்த நிலைமை தலைகீழாக இருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

நக்கீரன் வழக்கு காட்டிய வழி

இதையே சொன்ன ஒரு தீர்ப்புத் தமிழ்நாட்டில் உருவான வழக்கு ஒன்றில் இருக்கின்றது. பல கொலைகளுக்காக மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்த ஆட்டோ சங்கர், சிறையில் இருந்தபோது தன் வாழ்க்கைக் கதையை எழுதினார். உயர் அதிகாரிகள் பலருடன் தனக்கிருந்த தொடர்புகளையும் அதில் எழுதியிருந்ததாகக் கூறப்பட்டது. அதை வெளியிடப்போவதாக 'நக்கீரன்' இதழ் அறிவித்தது. வெளியிட்டால் சட்ட நடவடிக்கை எடுப்போம் எனச் சிறைத்துறைத் தலைமை அதிகாரி 1994 ஜூன் மாதத்தில் கடிதம் அனுப்பினார். ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றம் சென்றார். அவரைத்தான் நாங்கள் நக்கீரன் கோபால் என்று அறிவோம்.

1994 ஒக்டோபர் 7ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் சாரம் இதுதான்: தன் பாட்டில் வாழவிடும்படி கேட்க ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு. தன் குடும்பம், திருமணம், தாய்மை போன்ற விடயங்களை அனுமதியின்றி எவரும் வெளியிட முடியாது. நீதிமன்றப் பதிவுகள் போன்ற பொது ஆவணங்களில் உள்ளவற்றை வெளியிடலாம். ஆனால் பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ உள்ளான பெண்ணின் பெயரையும் நடந்த சம்பவத்தையும் ஊடகத்தில் போட்டு அவளை மீண்டும் அவமானப்படுத்தக் கூடாது. அதேவேளை அரச அதிகாரி ஒருவர் தன் கடமையில் செய்தவை பற்றி எழுதினால், அந்தரங்கம் என்று அவர் ஒளிந்துகொள்ள முடியாது. வெளிவருமுன்னரே அதைத் தடுக்கவும் அரசுக்கு அதிகாரம் இல்லை.

அதிகாரம் கூடக்கூட மறைக்கும் உரிமை குறைய வேண்டும். பாதிப்புக் கூடக்கூடப் பாதுகாப்பு அதிகரிக்க வேண்டும். இந்தியத் தீர்ப்பு எமது நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் மூன்று உரிமைகளையும் எப்படி நிறுப்பது என்பதற்கு இதைவிடத் தெளிவான தராசை நான் காணவில்லை.

பெயரை மறைக்கும் சட்டம் எங்களிடமும் உண்டு

பலருக்குத் தெரியாத ஒரு சட்டம் இலங்கையிலும் இருக்கின்றது. 1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தின் மூலம் தண்டனைச் சட்டக் கோவையில் சேர்க்கப்பட்ட 365 சி பிரிவு அது. பாலியல் வல்லுறவு, பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம், பாலியல் தொந்தரவு போன்ற குற்றங்களுக்கு உள்ளானவரின் பெயரையோ, அவர் யார் என்று அடையாளம் காட்டக்கூடிய வேறு விடயத்தையோ அச்சிடுவதும் வெளியிடுவதும் குற்றமாகும். இரண்டு வருடங்கள் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். பாதிக்கப்பட்டவர் எழுத்தில் அனுமதி கொடுத்தால் வெளியிடலாம். அவர் சிறுவயதினராக இருந்தால் அல்லது இறந்துவிட்டால் நெருங்கிய உறவினர் எழுத்தில் அனுமதிக்க வேண்டும்.

பெயர் மட்டுமல்ல, "அடையாளம் காட்டக்கூடிய விடயம்" என்ற சொற்களைக் கவனியுங்கள். கிராமத்தின் பெயர், பாடசாலையின் பெயர், தகப்பனின் தொழில், வீட்டின் படம் எல்லாம் அதில் அடங்கலாம். பெயரை மாற்றிவிட்டு மற்ற விபரங்களை அப்படியே போட்டால் ஊரில் எல்லோருக்கும் ஆளைத் தெரிந்துவிடும்.

2015 மே 13ஆம் திகதி புங்குடுதீவில் பாடசாலைக்குச் சென்ற மாணவி ஒருத்தி கடத்தப்பட்டு, கூட்டு வல்லுறவுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டாள். 2017 செப்டெம்பர் 27ஆம் திகதி யாழ்ப்பாணத்தில் மூன்று நீதிபதிகள் அடங்கிய ட்ரயல் அட் பார் நீதிமன்றம் ஏழு பேருக்கு மரண தண்டனை விதித்தது. அந்தப் பிள்ளையின் பெயரும் பாடசாலைச் சீருடையில் எடுத்த படமும் நாட்டில் தெரியாத வீடு இல்லை. ஊடகங்கள் எழுதியிராவிட்டால் வழக்கு இந்த வேகத்தில் நடந்திருக்காது என்பாரும் உளர். அதில் உண்மை உண்டு. மக்கள் வீதிக்கு இறங்கியதற்குச் செய்தியும் ஒரு காரணம். ஆனால் குற்றத்தை எழுதுவது வேறு, அவளுக்கு நடந்த ஒவ்வொன்றையும் விபரித்து எழுதுவது வேறு. நீதி கேட்க முதலாவது தேவை. இரண்டாவதால் அந்தத் தாய்க்கு என்ன நன்மை? நான் இங்கே அவளின் பெயரை எழுதவில்லை. எழுதாமலேயே நீங்கள் யாரென்று புரிந்துகொண்டீர்கள். எவ்வளவு தூரம் அது பரவியிருக்கின்றது என்பதற்கு அதுவே சாட்சி.

துயரம் செய்தியாகும்போது

2004 டிசெம்பர் 26 சுனாமியின் பின் கல்முனை வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை ஒன்று "குழந்தை 81" என்ற பெயரில் உலகம் முழுவதும் அறியப்பட்டது. ஒன்பது தாய்மார் அக்குழந்தைக்கு உரிமை கோருவதாக வெளிநாட்டு ஊடகங்கள் எழுதின. உண்மையில் சட்டப்படி உரிமை கோரி நீதிமன்றம் வந்தது ஒரே ஒரு தம்பதியர்தான். 2005 பெப்ரவரியில் மரபணுப் பரிசோதனை அவர்களே பெற்றோர் என உறுதி செய்தது. பின்னர் அக்குடும்பம் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றுக்கு அழைத்துச் செல்லப்பட்டது. அவர்களுக்குப் பெரும் பணம் கிடைத்ததாக ஊரில் கதை பரவியதென்றும் அதனால் துன்பப்பட்டதாகவும் குடும்பத்தினர் பிற்காலத்தில் செய்தியாளர்களிடம் கூறினர்.

இங்கே எவரும் அந்தக் குடும்பத்தைத் திட்டி எழுதவில்லை. எல்லோரும் இரக்கத்தோடுதான் எழுதினார்கள். இரக்கமும் காயப்படுத்தும் என்பதை நாங்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். எங்களைப் போன்ற நலன்புரி அமைப்புகளுக்கும் இது பொருந்தும். நன்கொடையாளருக்கு அனுப்பும் அறிக்கையிலும் நாட்காட்டியிலும் நாங்கள் போடும் படங்களுக்கும் ஒரு முகம் இருக்கின்றது.

"மானநட்ட வழக்குப் போடுவேன்" என்று வெருட்டினால்

மறுபக்கத்தையும் பார்ப்போம். நுண்கடன் தவணை சேர்க்க வந்த ஒருவர் இரட்டை அர்த்தத்தில் பேசுவதாகவும், தவணையைப் பிற்போட வேறு விலை கேட்பதாகவும் பெண் ஒருவர் எங்களிடம் சொன்னார். நிறுவனத்துக்கு எழுதப் போவதாக அவர் கூறியபோது அந்த ஆள், "என்ர பேரைக் கெடுத்தால் மானநட்ட வழக்குப் போடுவன், லட்சக்கணக்கிலை கட்டவேணும்" என்று வெருட்டியிருக்கிறார். அந்தப் பெண் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டார்.

அவர் பயப்பட்டிருக்கத் தேவையில்லை. முறைப்பாட்டை ஏற்கும் பொறுப்பில் உள்ளவரிடம், பொலிஸாரிடம், மேலதிகாரியிடம், நல்லெண்ணத்துடன் நடந்ததைச் சொல்வதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. நீதிமன்றத்தில் கூறும் சாட்சியத்துக்கும் பாதுகாப்பு உண்டு. வஞ்சம் தீர்க்கும் எண்ணத்துடன் பொய் சொன்னால்தான் சிக்கல். அதே விடயத்தை முகநூலில் ஆளின் படத்துடன் போட்டால் இந்தப் பாதுகாப்புக் குறைந்துவிடும். ஆகவே முதலில் எங்கே சொல்கிறோம் என்பது முக்கியம்.

பெண் வாய் திறந்தாலே வழக்கு என்பது பெயர் பெற்றவர்களுக்கும் நடந்தது. நடிகை குஷ்பு 2005ஆம் ஆண்டில் ஒரு சஞ்சிகைக்குத் திருமணத்துக்கு முந்திய உறவு பற்றிக் கருத்துச் சொன்னதற்காக 23 முறைப்பாட்டு வழக்குகளுக்கு முகம் கொடுத்தார். 2010 ஏப்ரல் 28ஆம் திகதி இந்திய உச்ச நீதிமன்றம் அவை அனைத்தையும் தள்ளுபடி செய்தது. ஒருவரின் கருத்து எமக்குப் பிடிக்காமல் இருப்பது வேறு, அது அவதூறு ஆவது வேறு.

கைத்தொலைபேசியும் ஓர் ஊடகமே

இன்று பத்திரிகையைவிட வேகமாக வட்ஸ்அப் ஓடுகின்றது. ஒரு பெண்ணைப் பற்றிய குரல் பதிவை "இதைக் கேளுங்கோ" என்று மற்றக் குழுவுக்கு அனுப்பும்போது நாங்களும் வெளியீட்டாளர் ஆகின்றோம். நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன் என்பது அவதூறு வழக்கில் தப்பும் வழி அல்ல.

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், ஒருவரின் தனிப்பட்ட தகவல்களை இணையத்தில் வெளியிட்டுத் தொல்லை கொடுப்பதையும் குற்றமாக்கியது. பெண்களுக்கு இது உதவும் என்று சிலர் வரவேற்றார்கள். ஆனால் எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை ஓர் ஆணைக்குழுவிடம் கொடுத்ததால், அரசை விமர்சிப்பவர்களின் வாயை மூட அது பயன்படலாம் என ஊடகவியலாளர்களும் மனித உரிமை அமைப்புகளும் கடுமையாக எதிர்த்தார்கள். எங்களின் பாதுகாப்பைக் காரணமாகக் காட்டிக் கொண்டுவரும் சட்டம், நாளை எங்கள் பிள்ளைகளைத் தேடி நாங்கள் எழுப்பும் குரலையும் அடக்கலாம். அதனால் "பெண்களுக்காக" என்று சொல்லப்படும் எந்தச் சட்டத்தையும் நாங்கள் முழுவதும் வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும்.

நாங்கள் செய்யக்கூடியவை

பேட்டி கொடுக்க முன்னர்: எந்தப் பத்திரிகை, எந்தத் தொலைக்காட்சி, எந்த விடயம் என்று கேளுங்கள். படம் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பின்பக்கமாக அல்லது கைகளை மட்டும் எடுக்கச் சொல்லலாம். இந்தப் படத்தை வேறு கட்டுரைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். தெரியாத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். நிவாரணம் தருபவர் கூட்டி வந்தார் என்பதற்காகப் பேச வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. பேசாததற்காக நிவாரணத்தை நிறுத்தவும் எவருக்கும் உரிமை இல்லை.

தவறாக வெளிவந்துவிட்டால்: தாளைத் திகதியுடன் வெட்டி வைத்திருங்கள். இணையத்தில் என்றால் திரையைப் படமெடுத்து வையுங்கள். முதலில் ஆசிரியருக்குப் பதிவுத் தபாலில் எழுதி, திருத்தமும் பதில் சொல்லும் வாய்ப்பும் கேளுங்கள். அச்சுப் பத்திரிகைகள் தம்மைத் தாமே ஒழுங்குபடுத்துவதற்காக 2003ஆம் ஆண்டில் இலங்கைப் பத்திரிகை முறைப்பாட்டு ஆணைக்குழுவை அமைத்தன. அங்கு முறையிடச் சட்டத்தரணி தேவையில்லை. ஆனால் அது நட்டஈடு பெற்றுத் தராது. திருத்தமும் பதிலும் பெறவே உதவும். 1973ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த பத்திரிகைப் பேரவையும் உண்டு. அது அரசின் அமைப்பு.

நட்டஈடு வேண்டுமானால் மாவட்ட நீதிமன்றம். இரண்டு வருடங்களுக்குள் வழக்குத் தாக்கல் செய்ய வேண்டும். வழக்கு நீண்ட காலம் எடுக்கும், செலவும் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். அதன் தலைமை அலுவலகம் கொழும்பு புதுக்கடையில் இருக்கின்றது, மாவட்டங்களில் கிளைகளும் உண்டு. பாலியல் குற்றத்துக்கு உள்ளானவரின் அடையாளம் வெளியிடப்பட்டிருந்தால் அது பொலிஸ் முறைப்பாட்டுக்குரிய விடயம். 365 சி என்ற பிரிவைச் சொல்லியே முறையிடுங்கள். பெண்களுக்கான 1938, சிறுவர்களுக்கான 1929 என்ற இலக்கங்களிலும் ஆலோசனை பெறலாம்.

அக்காவின் விடயம்

கொட்டாஞ்சேனை அக்கா வழக்குப் போடவில்லை. "கோட்டுக்கு அலையிறதெண்டால் அவருக்காக அலையிறன், இதுக்கில்லை" என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருவரும் இருந்து ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினோம். நட்டஈடு கேட்கவில்லை. இரண்டு விடயங்கள் கேட்டோம். அந்தக் கட்டுரையில் சொல்லப்பட்டவற்றுக்கும் படத்தில் உள்ளவருக்கும் தொடர்பில்லை என்று போட வேண்டும். அவர் விதவை அல்ல, காணாமல் ஆக்கப்பட்ட ஒருவரின் மனைவி என்றும் போட வேண்டும்.

மூன்று வாரங்களுக்குப் பின்னர் ஒரு மூலையில் நான்கு வரியில் திருத்தம் வந்தது. படம் பெரிதாக வந்திருந்தது, திருத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவில் வந்திருந்தது. ஆயினும் அக்கா அதை வெட்டி, கணவரின் அடையாள அட்டைப் பிரதி வைத்திருக்கும் பொலித்தீன் உறைக்குள்ளே வைத்துக்கொண்டார். மகளுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கொடுத்து வகுப்பாசிரியரிடம் காட்டச் சொன்னார். மறு திங்கட்கிழமை பிள்ளை பாடசாலைக்குப் போனாள்.

அன்று முதல் நான் தமிழில் எழுதாத எந்தப் படிவத்தையும் எந்தப் பெண்ணிடமும் நீட்டுவதில்லை. வாசிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துச் சொல்லி, மறுநாள் வந்தே கையெழுத்து வாங்குகிறேன். ஒரு இரவு யோசித்துவிட்டு "வேண்டாம்" என்று சொல்பவர்கள் பலர். அவர்களின் கதைகள் எங்கள் அறிக்கையில் வருவதில்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்க முன்னர் அக்காவிடம் தொலைபேசியில் முழுவதும் வாசித்துக் காட்டினேன். இப்போது அவர் கொழும்பில் இல்லை. இன்னமும் கணவரைத் தேடிக்கொண்டிருக்கிறார். இரண்டு இடங்களில் என்னை நிறுத்தி, "அதைப் போடாதை பிள்ளை, ஆக்கள் கண்டுபிடிச்சிடுவினம்" என்றார். அந்த இரண்டு இடங்களும் இதில் இல்லை. "விதவை இல்லை எண்டதை மட்டும் வடிவாப் போடு" என்று சொன்னார். போட்டிருக்கிறேன்.